பசை படாத நடுப்பலகை

யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீடுகளின் விறாந்தைகளிலும் அறைகளிலும் நிற்கும் மர அலுமாரிகளை வாசகர் பலர் கண்டிருப்பர். அவற்றின் கதவுகளை ஒருமுறை கூர்ந்து நோக்குதல் நன்று. சுற்றிவர நான்கு சட்டங்கள். அவற்றின் நடுவே ஒரு பலகை. அப்பலகையின் நடுப்பாகம் சிறியதொரு மேடைபோல் உயர்ந்து நிற்க, ஓரங்கள் நாற்புறமும் சரிந்து சென்று சட்டங்களினுள்ளே மறைந்துவிடுகின்றன. யன்னல் வழியே பக்கவாட்டில் விழும் மாலை வெளிச்சத்தில் அச்சரிவுகள் நான்கும் நான்கு நிறமாய்த் தோன்றும். இவையெல்லாம் அலங்காரத்துக்காகவே செய்யப்பட்டன என எண்ணுவோரே பெரும்பாலர். அழகு அதிலே உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயின் அச்சரிவு பிறந்த காரணம் அழகன்று. மரத்தின் இயல்பு ஒன்றோடு தச்சர் செய்துகொண்ட உடன்படிக்கையே அது எனலாம்.

மரம் வெட்டுண்டு பலகையாகிய பின்னரும் ஈரத்தோடு தனக்குள்ள உறவை விடுவதில்லை. மாரியிலே காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வீங்கும். கோடையிலே அதனை வெளிவிட்டு ஒடுங்கும். மரத்தை ஒரு நாணற்கட்டாக மனத்திற் கொண்டால் விஷயம் எளிதில் விளங்கும். ஈரம் பட்டால் ஒவ்வொரு நாணலும் பருக்கும். நீளமோ ஏறக்குறைய இருந்தபடியே இருக்கும். அதுபோலவே பலகையும் அகலத்தில் மாறும். நீளத்தில் மாறுவது கணக்கில் எடுக்கத் தக்கதன்று. அகலத்தில் மாறுவதும் எல்லாப் பலகைக்கும் ஒரேயளவினதன்று. பச்சைத் தேக்கு முற்றாக உலரும்வரை, ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையிலே நூற்றுக்கு 5.8 பங்களவு ஒடுங்குகின்றது. வளையங்களைக் குறுக்கறுத்து நடுமையத்தை நோக்கிச் செல்லும் திசையிலே 2.5 பங்களவே ஒடுங்குகின்றது. ஒடுக்கம் குறைந்த மரங்களுள் தேக்கு ஒன்று என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கணக்கிலே விருப்புள்ள மாணவர் இதனைச் செய்து பார்க்கலாம். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 30 என்னும் நிலைக்குக் கீழே இறங்கும்போதே ஒடுக்கம் தொடங்குகின்றது. ஆகவே ஈரம் ஒரு பங்கு மாறும்போது, வளையத்தை ஒட்டி அரியப்பட்ட தேக்குப் பலகை தன் அகலத்தில் நூற்றுக்கு 0.19 பங்கு மாறும். கோடைக்கும் மாரிக்குமிடையில் ஈரம் 4 பங்கு மாறுவதாகக் கொள்வோம். 15 அங்குல அகலமுள்ள ஒரே பலகையைக் கதவாக மாட்டியிருந்தால், அதன் அகலம் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் மாறிவிடும். கோடையில் இதமாகச் சாத்தப்பட்ட கதவு கார்த்திகையிலே இறுகிக்கொண்டு திறக்க மறுப்பதன் காரணம் இதுதான். அதனைத் திறப்பதற்காக விளிம்பைச் சீவிவிடுவோர், அடுத்த கோடையிலே இடைவெளி தெரிகின்றதென முறையிடுவர். பலகை வளையாதிருக்கும்பொருட்டுப் பின்புறத்திலே குறுக்குக்கட்டை வைத்து இறுக ஆணியறைந்து விட்டாலோ, ஒடுங்க வழியின்றி அது வெடித்துவிடும்.

இதற்குப் பழந்தச்சர் கண்ட வழி, கதவின் அளவைக் காக்கும் பொறுப்பைப் பலகையிடம் கொடாது சட்டங்களிடம் கொடுத்தலேயாம். சட்டங்கள் ஒடுக்கமானவை, எனவே அவற்றின் அகல மாற்றமும் அற்பம். அவற்றின் நீளமோ மாறுவதில்லை. அச்சட்டங்களின் உள்விளிம்பிலே தவாளிப்பு வெட்டி, அதனுள்ளே நடுப்பலகையைப் பசையின்றிச் செருகிவிட்டால், அது தன் விருப்பம்போல் வீங்கலாம், ஒடுங்கலாம், கதவு அசையாது. முக்கால் அங்குலத் தடிப்புள்ள சட்டத்திலே கால் அங்குல அகலத்துக்கு மேல் தவாளிப்பு வெட்டினால் சட்டம் பலமிழக்கும். பலகையோ கால் அங்குலத் தடிப்பில் மட்டும் இருந்தால், ஒரு பிள்ளையின் முழங்கை பட்டாலே உடையும். ஆகவே தடித்த பலகையை எடுத்து, தவாளிப்பினுள் நுழையும் ஓரத்தை மட்டும் மெலியச் சீவினர். சரிவு அப்படிப் பிறந்தது.

இவ்வேலை மிகப் பழையது. கி.மு. முதலாம் நூற்றாண்டினரான விற்றுருவியஸ் என்னும் றோமானியக் கட்டடக் கலைஞர், தம் நூலின் நான்காம் பாகத்திலே சட்டமும் பலகையும் கொண்ட கதவுகளின் அளவுகளை விவரித்துள்ளார். கி.பி. 79 இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலுள் மூழ்கிய பொம்பெயி நகரில், கதவின் மரம் உக்கிப்போக அதன் உருவம் சாம்பலிலே பதிந்திருந்தது. அந்தப் பதிவிற் சாந்து வார்த்து எடுத்த உருவங்களிலே பலகைக் கதவுகளை இன்றும் காணலாம். நமது நாட்டிலே, 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி 1795 வரை ஆண்ட ஒல்லாந்தரின் காலத்து அலுமாரிகள் பெயர்பெற்றவை. முதிரையும் கருங்காலியும் நெதுனும் அவற்றிலே கலந்து நிற்கும். பொருள் பிற்காலத்ததாயினும், அலுமாரி என்னும் சொல்லை நமக்குத் தந்தோர் அவர்களுக்கு முன்வந்த போர்த்துக்கேயரே.

நமது அயலிலே ஒரு வீட்டில் நிகழ்ந்ததைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பாட்டனார் காலத்து முதிரை அலுமாரி ஒன்று அங்கே உண்டு. கதவைச் சாத்தும்போதெல்லாம் நடுப்பலகை கடகடவென ஒலித்ததால், வந்த வேலையாள் ஒருவர் தவாளிப்பு நெடுகப் பசையை ஊற்றி இறுக்கிவிட்டுச் சென்றார். ஒலி நின்றது. வீட்டாரும் மகிழ்ந்தனர். அடுத்த சித்திரையிலே ஒருநாள் நடுச்சாமத்தில் துவக்கு வெடித்தாற்போல ஓர் ஓசை. விளக்கைப் பொருத்திப் பார்த்தால், பலகை மேலிருந்து கீழாகப் பிளந்து கிடக்கின்றது. முதிய ஆசாரியார் ஒருவரை அழைத்து வந்தனர். நாமும் உடனிருந்தோம்.

“ஐயா, கடகடக்குது எண்டு பசை விட்டுப்போட்டியள். கடகடக்கத்தானே வேணும். இப்ப பாருங்கோ, சட்டம் விடேல்லை, பலகைதான் வெடிச்சுப்போச்சு” என்றார் அவர்.

“அப்ப கழற்றி ஒட்ட ஏலாதோ, ஆசாரியார்?”

“பழைய வச்சிரமெண்டால் சுடுதண்ணியிலை இளகும். உது இந்தக் காலத்துப் பசை. சட்டத்தை வெட்டாமல் பலகை வெளியிலை வராது.”

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. விலங்குத் தோல் எலும்புகளைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப்பசை, வெப்பமும் ஈரமும் பட்டால் இளகும். நூறாண்டு கழித்தும் மூட்டைப் பிரித்துப் பழுதுபார்க்கலாம். இக்காலத்து வெள்ளைப் பசையும் இருகூட்டுப் பசைகளும் பலத்திலே குறைந்தவையல்ல. ஆயின் அவற்றை அவ்வாறு இளக்கிப் பிரித்தல் அரிது. வைரம் பாய்ந்த ஒரு முதிரைமரம் அந்தப் பருமனுக்கு வளர ஒரு தலைமுறை போதாது. அது ஒரு குப்பிப் பசையினால் விறகாகும் நிலைக்கு வந்ததே என்பதுதான் நமக்கு இன்னமும் ஆறாத துயர். வாசகர் தம் வீட்டுப் பழைய அலுமாரியின் பலகை அசைவதைக் கண்டால், அதனை அசையவே விடுக. ஒலி பொறுக்க முடியாதாயின், மெல்லிய தக்கைத் துண்டு ஒன்றைத் தவாளிப்பின் பின்புற இடுக்கிலே செருகினாற் போதும்.

இனி இத்தகைய கதவொன்றை வீட்டிலேயே செய்யும் முறையைக் காண்போம். நமது பட்டடை பெரியதன்று. முன்னர் மாட்டுக்கொட்டிலாயிருந்த பத்தியின் ஒரு பாதியே அது. ஒரு வேலைமேசை, இரண்டு வாள், இரண்டு சீவுளி, கால் அங்குல உளி உட்பட மூன்று நான்கு உளிகள், கொட்டாப்புளி, மூலைமட்டம், இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகள் நான்கு, தவாளிப்பு வெட்டும் சீவுளி ஒன்று. இவையிருந்தால் விடுமுறை நாட்கள் இரண்டு மூன்றிலே ஒரு கதவை முடித்துவிடலாம்.

மரத்தைப் பற்றி முதலில். தொடக்கக்காரருக்கு முதிரை வேண்டாம். அதன் கடினம் உளியையும் பொறுமையையும் ஒருங்கே மழுக்கிவிடும். அதன் தூள் சிலருக்குத் தோலிலே கடியையும் உண்டாக்கும். தேக்கு, மகோகனி, பலா ஆகியவை கைக்கு இசைந்தவை. பலா புதிதிலே மஞ்சளாயிருந்து நாளடைவிலே செம்பழுப்பாகும்; இரண்டு கதவுக்கும் ஒரே மரத்துப் பலகையை எடாவிடில் நிறம் பேதப்படும். வெள்ளைப் பாகத்தை இரக்கமின்றி வெட்டி நீக்கிவிடுதல் அவசியம்; மாப்பொருள் நிறைந்த அப்பாகத்தையே துளைக்கும் வண்டுகள் விரும்பும். மரக்காலையிலே வாங்கிய பலகையை அன்றே வெட்டத் தொடங்காது, அலுமாரி நிற்கப்போகும் வீட்டினுள்ளேயே இடைக்கட்டைகள் வைத்து அடுக்கி, மூன்று நான்கு கிழமை விட்டுவைத்தல் வேண்டும். அவசரப்படுவோர் பெரும்பாலும் இவ்விடத்திலேயே தவறுகின்றனர்.

மரக்காலைகளிலே இன்றும் அடியும் அங்குலமுமே வழங்குவதால் நாமும் அவ்வளவுகளையே கொள்வோம். 24 அங்குல உயரமும் 15 அங்குல அகலமும் உள்ள கதவொன்றை எடுத்துக்கொள்க. சட்டங்கள் யாவும் முக்கால் அங்குலத் தடிப்பும் 2 1/4 அங்குல அகலமும் உடையன. நெடுஞ்சட்டங்கள் இரண்டையும் முதலிலே 25 1/2 அங்குலமாக வெட்டுக. மிகுதி 1 1/2 அங்குலமும் இரு நுனியிலும் பாதி பாதியாக நீண்டு நிற்கும். துளையடிக்கும்போது நுனி பிளவாது காப்பது அதுவே. கதவு ஒட்டிய பின் அறுத்துவிடலாம். குறுக்குச்சட்டங்களின் வெளித்தெரியும் நீளம் 10 1/2 அங்குலம். அதனோடு ஒவ்வொரு நுனியிலும் 1 1/4 அங்குலக் கழுந்து சேர்ந்து, மொத்தம் 13 அங்குலம்.

நான்கு சட்டங்களின் உள்விளிம்பிலும் கால் அங்குல அகலமும் 3/8 அங்குல ஆழமும் உள்ள தவாளிப்பை வெட்டுக. எல்லாச் சட்டத்தின் முன்முகத்தையும் பென்சிலால் அடையாளமிட்டு, அம்முகத்திலிருந்தே அளந்து வெட்டினால், தவாளிப்பு சரி நடுவில் அமையாவிடினும் நான்கும் ஒன்றோடொன்று பொருந்தும். அதன்பின் நெடுஞ்சட்டங்களிலே கழுந்துக்குரிய துளைகளை அடிக்க வேண்டும். தவாளிப்பு நெடுஞ்சட்டத்தின் நுனிவரை ஓடுவதால், கழுந்தின் வெளிப்புறத்திலே அத்தவாளிப்பை அடைக்குமளவுக்கு ஒரு சிறு மிச்சம் விட்டுவைத்தல் தச்சர் வழக்கம். அஃதின்றேல் கதவின் மேல்விளிம்பிலே ஓர் ஓட்டை பல்லிளிக்கும். கழுந்து துளைக்குள் கையின் அழுத்தத்தோடு செல்ல வேண்டும். கொட்டாப்புளியால் ஓங்கி அடித்தாலன்றிச் செல்லாதெனின் துளை பிளக்கும், தானாக விழுமெனின் பசை தாங்காது.

சட்டங்களைப் பசையின்றிப் பூட்டிப் பார்த்த பின்னரே நடுப்பலகையை அளவிடல் வேண்டும். நமது கதவிலே சட்டத்தின் உள்வெளி 10 1/2 அங்குலம். இருபுறத் தவாளிப்பின் ஆழமும் சேர 11 1/4 ஆகும். பலகையை 11 அங்குல அகலமாக வெட்டினால் ஒவ்வொரு புறத்திலும் அரைக்கால் அங்குலம் வெறுமையாய் நிற்கும். முன்சொன்ன கணக்கின்படி 11 அங்குலத் தேக்கு மாறுவது ஏறத்தாழ 2 மில்லிமீற்றரே. நாம் விட்ட இடம் 6 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். உயரத்திலே மரம் மாறாதாகையால் 20 1/4 அங்குலம் கொள்ளுமிடத்தில் 20 1/8 வெட்டினாற் போதும். கார்த்திகை மார்கழியிலே செய்வோர், பலகை அப்போது வீங்கிய நிலையில் இருக்கின்றது என்பதை நினைந்து சற்று இறுக்கமாகவே வெட்டலாம். ஆவணியிலே செய்வோர் தாராளமாக இடம்விட வேண்டும்.

ஒரே பலகை 11 அங்குலம் கிடையாவிடில் இரண்டை விளிம்போடு விளிம்பு ஒட்டிக்கொள்ளலாம். பலகையோடு பலகை ஒட்டுவதில் ஆபத்தில்லை. இரண்டும் ஒருங்கே வீங்கி ஒருங்கே ஒடுங்கும். சட்டத்தோடு பலகையை ஒட்டுதலே ஆகாதது.

சரிவு எடுக்கும் வேலைக்கு வந்துவிட்டோம். இவ்வேலையின் இன்பமெல்லாம் இங்கேதான் இருக்கின்றது. முக்கால் அங்குலப் பலகையின் முன்முகத்திலே நாற்புறமும் விளிம்பிலிருந்து 1 1/2 அங்குலம் தள்ளிக் கூரிய கத்தியால் கோடு கீறுக. அக்கோட்டை ஒட்டி ஒரு நேர்க்கட்டையைப் பிடித்து, 1/16 அங்குல ஆழத்துக்கு வாளால் அறுத்துவிட்டால், மேட்டைச் சுற்றி நேர்த்தியான படி ஒன்று அமையும். பின்பு பலகையின் பக்க விளிம்புகளிலே, பின்முகத்திலிருந்து கால் அங்குலம் அளந்து மற்றொரு கோடு. இவ்விரு கோடுகளுக்கும் இடைப்பட்ட மரத்தைச் சீவி எடுப்பதே வேலை. முதலில் மேலும் கீழுமுள்ள குறுக்கு விளிம்புகளைச் சீவுக. அதன்பின்னரே நெடுக்கு விளிம்புகள். குறுக்கே சீவும்போது கடைசி மூலை பெயர்வது இயல்பு. பின்னர் நெடுக்கே சீவுகையில் அப்பெயர்வு தானே நீங்கிவிடும். முறையை மாற்றினோர் மூலையிலே குறையோடு நிற்பர்.

அடிக்கடி அளவுகோலை எடுக்கத் தேவையில்லை. சட்டத்துக்கு வெட்டியது போன்ற தவாளிப்பை ஒரு சிறு துண்டுக்கட்டையிலும் வெட்டி வைத்துக்கொண்டு, அதனைப் பலகையின் ஓரத்திலே செருகி நெடுக ஓட்டிப் பார்க்கலாம். எங்கே இறுகுகின்றதோ அங்கே இன்னும் இரண்டு சீவு. நான்கு மூலைகளிலும் சரிவுகள் சந்திக்கும் கோடு சரியாக மேட்டின் மூலையிலிருந்து பலகையின் மூலைக்குச் செல்லுமானால், வேலை நேராகின்றது என்று அறியலாம்.

இவற்றையெல்லாம் றவுட்டர் யந்திரத்தால் சில நிமிடங்களில் முடித்துவிடலாமே என்று இளைஞர் கேட்பர். முடிக்கலாம். ஆயின் சரிவு வெட்டும் அலகுகள் 3 1/2 அங்குல விட்டமுள்ளவையாய் இருக்கும். சிறு அலகுகளுக்கென நிமிடத்துக்கு 22,000 முறை சுழலுமாறு விட்ட யந்திரத்திலே அதனைப் பூட்டினால், அலகின் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 370 கிலோமீற்றர் வேகத்திலே செல்லும். கையிலே பிடித்து வேலை செய்யத்தக்க பொருளன்று அது. வேகத்தை 10,000 அளவுக்குக் குறைக்கத்தக்க பெரிய யந்திரமாய், மேசைக்கடியிலே உறுதியாகப் பூட்டப்பட்டதாய் இருத்தல் வேண்டும். ஆழத்தையும் ஒரே தடவையில் எடாது மூன்று நான்கு தடவையாக எடுத்தல் வேண்டும். பலகையை அலகு சுழலும் திசைக்கு எதிராகவே தள்ளுக. இல்லையேல் அது கையிலிருந்து பிடுங்கி எறியப்படும். பத்துக் கதவு செய்வோருக்கு யந்திரம் தகும். ஒன்றிரண்டு செய்யும் மாணவருக்குச் சீவுளியே போதுமென்பது நமது துணிபு. கையால் செய்யினும் யந்திரத்தால் செய்யினும் அரத்தாள் பிடிக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்க. மரத்தூள் புற்றுநோயை விளைவிக்கும் பொருள்களுள் ஒன்றென்பதை அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995 இல் வெளியிட்ட ஆய்வுத்தொகுதியிலே உறுதிப்படுத்தியுள்ளது.

நடுப்பலகைக்கு நிறமோ வார்னிஷோ பூசுவதாயின், சட்டத்திலே பூட்டுவதற்கு முன்னரே ஓரம் முழுவதும் பூசிவிட வேண்டும். பூட்டிய பின் பூசினால், கோடை வந்து பலகை ஒடுங்கும்போது, இதுவரை தவாளிப்பினுள் மறைந்திருந்த நிறமற்ற கீற்று இருபுறமும் வெளியே தெரியும். கடையிலே வாங்கிய புதிய கதவுகளிற்கூட இக்கீற்றைக் கண்டிருக்கின்றோம். பலகையின் நான்கு மூலைகளிலும் சிறிது மெழுகையும் தேய்த்துவிடுக. மூட்டுகளிலிருந்து வழியும் பசை அதிலே பற்றாது.

ஒட்டும் நாளிலே கழுந்துகளுக்கும் துளைகளுக்கும் மட்டும் பசை. பலகைக்கு ஒரு துளியும் இல்லை. விரும்பினால் மேல் கீழ்ச் சட்டங்களின் நடுப்புள்ளியிலே, பின்புறமாக ஒரு சிற்றாணி அடிக்கலாம்; பலகை நடுவிலே நிலைத்து இருபுறமும் சமமாக அசையும். கிளாம்புகளை இறுக்கியவுடன் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவையும் எடுத்துப் பார்க்க வேண்டும். அவை சமமாயின் கதவு சதுரம்; ஒன்று நீண்டிருப்பின் அம்மூலைகளைச் சிறிது அழுத்துக. மேலும் கீழும் ஒவ்வொரு நேர்க்கட்டையைக் கிடத்தி, ஒரு கண்ணை மூடி ஒன்றன்மேல் ஒன்றாகப் பார்த்தால் முறுக்கு இருக்கின்றதா என்பது தெரிந்துவிடும். பசை காயுமுன் திருத்துவது ஒரு நிமிட வேலை. காய்ந்த பின் எவ்வளவு சீவினாலும் தீராது.

பசை உலர்ந்ததும் நெடுஞ்சட்டத்தின் மிகுதியை அறுத்து, முகத்தைச் சீவிப் பிணைச்சல் பூட்டலாம். அலுமாரியின் உடம்புக்கும் கதவுக்கும் இடையிலே சுற்றிவர 1/16 அங்குலம் விடுதல் போதும். மாரியிலே வீங்கப்போவது 2 1/4 அங்குலச் சட்டங்கள் இரண்டு மட்டுமே. இரு கதவுகள் நடுவிலே சந்திக்கும் அலுமாரியாயின் அவ்விடைவெளியைச் சிறிது கூட்டுக. கைபிடியையும் பூட்டையும் நெடுஞ்சட்டத்திலேயே பொருத்த வேண்டும். அழகு கருதி நடுப்பலகையிலே கைபிடியை வைத்தால், திறக்கும் ஒவ்வொரு முறையும் இழுக்கப்படுவது தவாளிப்பினுள்ளே கட்டின்றி நிற்கும் அந்தக் கால் அங்குல ஓரமாகும்.